ஈறில் ரத்தம் வந்தால் இதயம், சுகர், கர்ப்பம் வரை பாதிக்குமா? வாய்க் கிருமிகள் பற்றி அறிவியல் சொல்வது என்ன?

கோயம்புத்தூரில் இருந்து ஆனைகட்டி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி தொடங்கிவிடும். அகளி, புதூர், சோலையூர் என மூன்று ஊராட்சிகள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் சுமார் 190 ஊர்கள். கூடவே தமிழ்நாட்டில் இருந்தும் கேரளத்தின் பிற பகுதிகளில் இருந்தும் குடியேறிய குடும்பங்கள். அகளி கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தேதான் காதில் விழும்.

இந்தப் பகுதி தேசிய அளவில் செய்தியானது 2013-ல். பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய்மார்களின் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, எடை குறைந்த பிரசவங்கள் ஆகியவை முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. அதன்பிறகு ஊர்களில் சமூக சமையலறைகள் வந்தன. கர்ப்பிணிகளுக்கான கண்காணிப்பும் கூடியது.

சரி, இதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

'ஈறுநோய் இருந்தால் குறைப்பிரசவம் ஆகும்', 'பல்லைக் கவனிக்காவிட்டால் ஹார்ட் அட்டாக் வரும்', 'வாய்க் கிருமிதான் மறதிநோய்க்குக் காரணம்' என்று வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் தகவல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இவற்றில் எது நிரூபிக்கப்பட்டது, எது பாதி உண்மை, எது மிகைப்படுத்தல் என்று தெரிந்துகொள்வது அவசியம். பெங்களூரு ஐடி ஊழியருக்கு இதில் தவறினால் கொஞ்சம் பணம்தான் வீணாகும். ரத்தசோகையோடு போராடும் ஒரு மலைக்கிராமத் தாயிடம் போய், 'நீ பல் துலக்காததால்தான் குழந்தை எடை குறைந்தது' என்று சொன்னால், அது அவர் மீது சுமத்தப்படும் அநியாயமான பழி.

வாய்க்குள் யார் யார் இருக்கிறார்கள்?

மனித வாயில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. எல்லாமே ஒருவர் வாயில் இருக்காது. ஆளுக்கு ஆள் கலவை மாறும். பாக்டீரியா தவிர பூஞ்சைகளும் வைரஸ்களும் உண்டு. நாக்கின் மேல்பரப்பு, பல்லின் பரப்பு, பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான சந்து என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கூட்டம் குடியிருக்கும்.

இதை முதலில் பார்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆண்டனி வான் லூவன்ஹூக். தன் பல்லில் படிந்திருந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார்.

'கிருமி' என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பாலானவை நம்மோடு சமாதானமாக வாழ்பவை. சில நமக்கு வேலையும் செய்கின்றன. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதால்தான் நோய் உண்டாக்கும் கிருமிகள் எளிதில் குடியேற முடிவதில்லை.

பிறகு எப்போது பிரச்னை வருகிறது?

இரண்டு பாதைகளைப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் பாதை சொத்தைப் பல். நாம் சாப்பிடும் சர்க்கரையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் அமிலத்தன்மை கூடி, பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன்செய்து, தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு அரை மணி நேரம்வரை ஆகலாம்.

அதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரே தடவையில் இரண்டு ஜாங்கிரி சாப்பிடுவதைவிட, வேலை பார்த்தபடியே மூன்று மணி நேரம் சர்க்கரை போட்ட காபியைச் சப்பிச் சப்பிக் குடிப்பது பல்லுக்கு மோசம். உமிழ்நீருக்கு ரிப்பேர் செய்ய நேரமே கிடைக்காது.

இரண்டாவது பாதை ஈறுநோய். ஈறு ஓரத்தில் படலம் நாள்கணக்கில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். விட்டுவிட்டால் படலம் கெட்டியாகிக் காரையாகும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பள்ளம் உருவாகும். ஆக்ஸிஜன் குறைந்த அந்தப் பள்ளத்தில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற வகைகள் பெருகும். அவற்றோடு சண்டை போடும் நம் நோய் எதிர்ப்பு அமைப்பே, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் சேர்த்து அரித்துவிடும். போன எலும்பு தானாகத் திரும்பி வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் சுமார் 350 கோடி பேருக்கு ஏதோ ஒரு வாய்நோய் இருக்கிறது. கடுமையான ஈறுநோய் மட்டும் சுமார் 100 கோடி பேருக்கு.

வாயில் இருப்பது உடலுக்குள் எப்படிப் போகும்?

மூன்று வழிகளில் போகும்.

ஒன்று, ரத்தம் வழியாக. கடுமையான ஈறுநோயில் பள்ளங்களின் உட்சுவர் முழுக்கப் புண்ணாக இருக்கும். ஒரு மதிப்பீட்டின்படி, மொத்தமாகச் சேர்த்தால் அந்தப் புண் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர்வரை இருக்கலாம். கையில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வாயில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் வருஷக்கணக்கில் விட்டுவைக்கிறோம். மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாக பாக்டீரியாக்கள் ரத்தத்தில் நுழைகின்றன.

இரண்டு, அழற்சி வழியாக. கிருமி எங்கும் போகாவிட்டாலும், ஈறில் உருவாகும் அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும்.

மூன்று, மூச்சு வழியாகவும் விழுங்குவதன் வழியாகவும். நாம் ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீரைச் சுரந்து விழுங்குகிறோம். முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு அது நுரையீரலுக்குள் தவறிப் போகவும் வாய்ப்புண்டு.

எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரம்?

சர்க்கரை நோய்: இதில்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறுநோய் சீக்கிரம் வரும், வேகமாக முற்றும். மறுபக்கம், ஈறு அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. 2022-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாகச் சொல்கிறது. சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் சர்க்கரை நோய் மருத்துவத்தில் இது கவனிக்கத்தக்க குறைவு. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேரிடம் சுகர் டாக்டர் ஈறைப் பற்றிக் கேட்டிருப்பார்?

இதய வால்வு தொற்று: இதுவும் உறுதியானது. வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஏற்கெனவே பழுதான அல்லது செயற்கை இதய வால்வில் போய்க் குடியேறலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. செயற்கை வால்வு வைத்திருப்பவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள் ஆகியோர் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் இது தேவையில்லை.

மாரடைப்பு, பக்கவாதம்: ஈறுநோய் உள்ளவர்களுக்கு இவை அதிகம் வருவது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் புகைபிடித்தல், சர்க்கரை நோய், வறுமை ஆகியவை ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறுநோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது.

பெருங்குடல் புற்றுநோய்: ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய் பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளுக்குள் அடிக்கடி காணப்படுகிறது. 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அதன் ஒரு குறிப்பிட்ட துணைவகை, பரிசோதித்த கட்டிகளில் சுமார் பாதியில் இருந்ததைக் கண்டறிந்தது. ஆனால் பல் துலக்கினால் புற்றுநோய் வராது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மறதிநோய்: 2019-ல் ஒரு ஆய்வு, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவின் நொதிகள் இருப்பதாகச் சொன்னபோது பெரிய பரபரப்பு. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்று நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2021-ல் வந்த முடிவில், முக்கிய இலக்குகளை அந்த மருந்து எட்டவில்லை. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது செய்தி பரவவில்லை.

நிமோனியா: மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு, தினமும் பிரஷ் கொண்டு பல் துலக்கிவிடுவது நிமோனியாவைக் குறைக்கிறது. 15 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வு இதைக் காட்டியது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா பாட்டிக்கும் வாய்ச் சுத்தம் ஏன் முக்கியம் என்பது இதில் இருந்தே புரியும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் உண்மை என்ன?

இப்போது அட்டப்பாடிக்குத் திரும்புவோம்.

ஈறுநோய் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அப்படியென்றால் கர்ப்ப காலத்தில் ஈறுக்குச் சிகிச்சை கொடுத்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சிகிச்சையால் ஈறுகள் நன்றாகின. ஆனால் குறைப்பிரசவ விகிதம் குறையவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெளிவானது. கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை செய்வது பாதுகாப்பானது. 'மாசமா இருக்கும்போது பல் டாக்டரிடமே போகக் கூடாது' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதற்கு அடிப்படை இல்லை. பெரும்பாலான பல் சிகிச்சைகளைச் செய்யலாம். நான்காவது முதல் ஆறாவது மாதம்வரை வசதியான காலம். கர்ப்பம் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே, அட்டப்பாடியில் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்குப் பல்லைக் காரணம் காட்ட ஆதாரம் இல்லை. தாயின் உணவு, ரத்தசோகை, வருமானம், மருத்துவ வசதியின் தூரம் ஆகியவைதான் அங்கே முதல் கேள்விகள்.

ஆனால் பல்வலியோடு இருக்கும் ஒரு பெண்ணால் நன்றாகச் சாப்பிட முடியாது. ஏற்கெனவே ஊட்டச்சத்துக் குறைந்தவருக்கு, ராகியோ கீரையோ பயறோ மெல்ல முடியாமல் போவதே பெரிய இழப்பு. அதற்காகவே அவருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு என்ன?

அட்டப்பாடி பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் காணப்படுகிறது. இந்த நோயை 2047-க்குள் ஒழிக்க, மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல் ஆகியவை கடுமையான வலி நெருக்கடியைத் தூண்டிவிடலாம். பல்லில் சீழ் கட்டுவதும் ஒரு தொற்றுதான். எனவே 'பல்வலிதானே, கிராம்பு வெச்சுக்கலாம்' என்று இவர்கள் நாள் கடத்தக் கூடாது. தாடையில் தெரியும் வலியும் சில நேரம் அரிவாள் செல் வலியாகவே இருக்கலாம். அதனால் பல் டாக்டரிடம் முதல் வரியிலேயே நோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

உணவு மாறினால் வாயும் மாறுமா?

மாறும். பழங்கால மனிதர்களின் பற்காரையில் இருந்து டிஎன்ஏ எடுத்து ஐரோப்பாவில் ஆராய்ந்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வேட்டை வாழ்க்கையில் இருந்து விவசாயத்துக்கு மாறியபோது ஒரு மாற்றமும், தொழிற்புரட்சியில் மாவும் சர்க்கரையும் மலிவானபோது இன்னொரு மாற்றமும் வாய்க் கிருமிகளில் நடந்திருக்கின்றன. வகைகளின் எண்ணிக்கை குறைந்து, சொத்தை உண்டாக்கும் வகைகள் ஆதிக்கம் பெற்றன.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளில் நடந்த உணவு மாற்றம், அட்டப்பாடி போன்ற இடங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நடக்கிறது. ராகி, சாமை, துவரை விளைந்த மலை அது. அட்டப்பாடி துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றவை. இன்றைக்கு ரேஷன் அரிசியும், பெட்டிக்கடை பிஸ்கட்டும், பாக்கெட் ஜூஸும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. சர்க்கரை சேருகிற வேகத்தில் பல் மருத்துவம் போய்ச் சேரவில்லை.

வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமும் இதோடு சேர்கிறது. புகையிலை கலக்காத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வகைப்படுத்தியது. பாக்கு மெல்பவர்களுக்கு வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைந்தால் அது எச்சரிக்கை மணி.

மவுத்வாஷ் போட்டால் போதாதா?

போதாது. சில நேரம் தேவையுமில்லை.

நாக்கில் இருக்கும் சில பாக்டீரியாக்கள், கீரை, பீட்ரூட் ஆகியவற்றில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரித்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2013-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் கொப்பளித்தார்கள். அவர்களின் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளிவரை கூடியது. எல்லாக் கிருமியையும் கொல்ல நினைத்தால் வேலை செய்பவையும் போய்விடுகின்றன.

குளோர்ஹெக்சிடின் ஒரு மருந்து. டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.

எல்லாவற்றுக்கும் பல்லே காரணம் என்ற தவறு முன்பே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1900-ல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர், மூட்டுவலி, ரத்தசோகை போன்ற பல நோய்களுக்கு வாய்த் தொற்றுதான் மூலம் என்று எழுதினார். அந்தக் கருத்து பரவியதும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளமானவர்களுக்கு நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். நோய் குணமாகவில்லை. 1930-களில் இருந்து அந்தக் கோட்பாடு மெல்லக் கைவிடப்பட்டது. பிறகு எதிர்த்திசையில் போய், வாயையும் உடலையும் இரண்டு தனித்தனி விஷயங்களாகவே மருத்துவம் பார்க்கத் தொடங்கியது. இன்றைய ஆராய்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

• ஃபுளோரைடு உள்ள பற்பசையால் தினமும் இரண்டு தடவை, இரண்டு நிமிடம். ராத்திரித் துலக்கலைத் தவறவிடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அது நல்ல நேரம்.

• மிருதுவான பிரஷ் போதும். செங்கல் பொடி, கரித்தூள், உப்புக்கல் வைத்து அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும்.

• துலக்கிய பின் நுரையைத் துப்பிவிடுங்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

• ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் கூடுதல் சுத்தம் தேவை. இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரைப் பாருங்கள்.

• 'கிளீனிங் பண்ணினா பல் ஆடிப்போகும்' என்பது தவறு. காரை பல்லை ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவது தெரியவருகிறது, அவ்வளவுதான்.

• சுகர் இருந்தால் வருடாந்திரக் கண், கால் பரிசோதனையோடு ஈறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் சாதாரணப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. அலுவலக பாலிசியைப் புதுப்பிக்கும்போது இதைக் கேளுங்கள். சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைப்பது, பிறகு வேர் சிகிச்சை செய்வதைவிடப் பல மடங்கு மலிவு.

எப்போது உடனே போக வேண்டும்?

முகமோ தாடைக்கு அடியிலோ வீங்கிக் காய்ச்சல் வந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், அது அவசர நிலை. பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமல் போவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் வலி தற்காலிகமாக அடங்கும், சீழின் மூலகாரணம் அப்படியே இருக்கும்.

அகளியில் சமூக சுகாதார மையம் இருக்கிறது. கோட்டத்துறையில் அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒருபக்கம் மலைப்பாதையில் இறங்கி மண்ணார்க்காடு, மறுபக்கம் ஆனைகட்டி தாண்டிக் கோயம்புத்தூர். தினக்கூலி வேலை பார்ப்பவருக்கு ஒரு பல்லுக்காக ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று நாள்கள். அதனால்தான் பலர் வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்து, கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள்.

தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-ல் தொடங்கப்பட்டது. பொது சுகாதார அமைப்புக்குள்ளேயே பல் மருத்துவத்தைக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளர் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்கும்போது, 'வாயைக் கொஞ்சம் திறங்கம்மா' என்று சொல்லிப் பார்த்துவிட்டால் அந்தத் தூரத்தில் பாதி குறையும். உங்கள் வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடும் அப்பா அம்மாவிடம் இதை நீங்களே இன்றைக்குக் கேட்கலாம்: துலக்கும்போது ரத்தம் வருகிறதா?